அறிவியல் பீரியடில் கதை சொன்னால் போர்ஷன் முடியுமா?

புதுச்சேரியில் பி.எட். படித்துக்கொண்டே ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறிவியலைக் கதையாகச் சொல்லுங்கள் என்கிறார்கள் கல்லூரியில். கதையெல்லாம் தமிழ் பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் போர்ஷனை முடியுங்கள் என்கிறார் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர். இதற்கு நடுவில், எடுத்த வகுப்பு எப்படிப் போனது என்று நாமே யோசித்து எழுதும் பிரதிபலிப்பு நாட்குறிப்பு வேறு தினமும் எழுத வேண்டியிருக்கிறது. இதனால் நிஜமாகவே பயன் உண்டா, அல்லது ரெக்கார்டு மார்க்குக்கான சடங்கா?" நேரம் போதவில்லை என்ற புலம்பலாக இதை எடுத்துக்கொண்டு, அட்டவணை போடுவது எப்படி என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய சந்தேகம் வேறு இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கதை கேட்ட பிள்ளைக்கு அறிவியல் புரிந்ததா, கதை மட்டும் பிடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பு முடிந்த பிறகு அதைப் பற்றி நாமே எழுதும் கதையை எவ்வளவு நம்புவது? இந்த இரண்டையும்தான் அவர் கேட்கிறார். இரண்டுக்கும் என் பதில் ஏறக்குறைய ஒன்றே: எந்தக் கதையானாலும் அதைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும்.

நான் கடலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் பல வருடம் தமிழ்வழியில் அறிவியல் நடத்தி, அப்புறம் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவன். ஆறு முதல் பத்து வரைதான் எனக்குப் பழகிய வகுப்புகள். கீழ்க்காண்பதைப் பிளஸ் டூவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே தேர்வின் அழுத்தம் வேறு மாதிரி. பாடத்திட்டம் சிபிஎஸ்இயா சமச்சீரா என்பது இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் செய்யாது.

உங்கள் ஊரிலேயே கிடைக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760-லேயே கப்பல் ஏறினார். வழியில் போர். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி மலபார்க் கரையில் கிடைத்ததும் கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். எட்டு வருடத்தில் இன்னொரு முறை வரும் என்று தெரிந்ததால் ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்த பின் 1768-ல் இங்கே வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஒரு வானோக்கு நிலையம் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்குத் தொலைநோக்கி அனுப்பி உதவினார்கள். 1769 ஜூன் 4 காலை வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் நன்றாக இருந்த வானம் அன்றைக்கென்று மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-ல் அவர் பிரான்ஸ் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் வேலையில் இருந்தார்கள்.

இதை இப்படியே சொன்னால் வகுப்பு அமைதியாகக் கேட்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "ஐயோ பாவம்" என்பார்கள். "சொத்து திரும்பக் கிடைச்சுதா சார்?" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். மணி அடிக்கும். பாடக்குறிப்பில் "ஊக்கமூட்டல்: கதை கூறுதல்" என்று எழுதி டிக் அடித்துவிடலாம். ஆனால் இதில் அறிவியல் ஒரு சொட்டுகூட இல்லை. துரதிர்ஷ்டசாலி ஒருவரின் கதை இருக்கிறது, அவ்வளவுதான். அவர் ஏன் அவ்வளவு தூரம் வந்தார், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்த்து என்ன கிடைக்கும் என்ற கேள்வியே எழவில்லை. உங்கள் வழிகாட்டி ஆசிரியர் கதையை எதிர்ப்பது இந்த மாதிரி வகுப்புகளைப் பார்த்துத்தான் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இதே கதையை நான் நடுக்கடலில் நிறுத்துவேன். 1761 ஜூன் 6, வானம் தெளிவு, கையில் தொலைநோக்கி. வெள்ளி சூரியனின் மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்வதை அவர் பார்த்துவிட்டார். அப்படியிருந்தும் அந்தப் பார்வையால் பயனில்லை என்றாகிவிட்டது. ஏன்? இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரி மீனவக் குப்பங்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால் பதில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்லவே வேண்டாம். "கப்பல் ஆடும் சார், டெலஸ்கோப்பு நிக்காது." சரி. "கடிகாரமும் ஆடும்." இதைச் சொன்ன பையனைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்துத் துல்லியமான கடிகாரம் ஊசல் கடிகாரம் என்று சேர்த்துக்கொடுக்கலாம், ஊசல் பாடம் அவர்களுக்குத் தெரியும், ஆடும் தளத்தில் அது என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பின்பெஞ்சிலிருந்து இன்னொரு குரல்: "ஜி.பி.எஸ். இருந்திருக்காது இல்ல? எந்த இடத்துல நிக்கிறாருன்னு அவருக்கே தெரியாதே." அப்பாவுடன் போட்டில் போய் வந்த பிள்ளைக்குத்தான் இது தோன்றும். அன்றைக்குக் கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிப்பது உலகத்தின் பெரிய தலைவலிகளில் ஒன்று. ஆக, எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து பார்த்தோம் என்ற இரண்டும் இல்லாத பார்வை அளவீடு ஆகாது என்பதை வகுப்பே சொல்லி முடித்துவிடுகிறது.

அடுத்து, இடம் எதற்காகத் தெரிய வேண்டும்? கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண், மறு கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் கரும்பலகையின் மேல் விரல் தாவும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் அதிகம், தள்ளிப்போனால் குறைவு. தாவலை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். பூமியின் இரண்டு கோடிகளிலிருந்து இரண்டு பேர் வெள்ளியைப் பார்ப்பதும் இப்படித்தான்: சூரியத் தட்டின் மேல் அது கடக்கும் பாதை இருவருக்கும் சற்று மாறித் தெரியும். அந்த வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1716-ல் முன்வைத்தார். 1769-ல் உலகின் பல இடங்களிலிருந்து பார்த்தவர்களின் கணக்குகளைத் தொகுத்து லலாந்து என்ற வானியலாளர் எடுத்த விடை சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய அளவு 14.96 கோடி. ஆறாம் வகுப்பில் ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பும், அது இடமாறு தோற்றப் பிழை என்று படித்தார்களே, அதே விஷயம் இங்கே சூரியனை அளக்கும் கருவியாகிவிட்டது. இந்த இடத்தில் வகுப்பின் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதற்குப் பின் லெ ஜென்டிலின் மேகத்தையும் சொத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். இப்போது அந்த மேகத்தால் எது போயிற்று என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

கவனித்தீர்களா, கதையில் நான் எதையும் கூட்டவில்லை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் மாற்றினேன். கதை சொல்லும் அறிவியல் வகுப்பில் பெரும்பாலும் இதுதான் சூட்சுமம்.

சுவாரசியம் தானாகவே கற்றலாக மாறாது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1998-ல் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற இருவர், மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தைச் சிலருக்கு அப்படியே கொடுத்தார்கள்; சிலருக்கு மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய பரபரப்பான துணுக்குகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். துணுக்கோடு படித்தவர்களுக்கு மின்னல் உண்டாகும் விதம் குறைவாகவே நினைவிருந்தது, அதை வைத்து யோசிக்க வேண்டிய கேள்விகளிலும் பின்தங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தப் பாதிப்பு சில இடத்தில் கூடுதலாகவும் சில இடத்தில் குறைவாகவும் வந்திருக்கிறது. அது பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த வேலை என்பதையும் மறக்க வேண்டாம்; நம் எட்டாம் வகுப்புக்கு அப்படியே எடுத்துவர முடியாது. ஆனாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது. விளக்கத்தோடு ஒட்டாத சுவாரசியம் விளக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 28 வந்தால் எல்லாப் பள்ளி அசெம்பிளியிலும் சொல்லப்படும் ராமன் கதைக்கும் இந்தக் கதிதான் நேர்கிறது. கப்பலில் வந்தார், கடல் நீலமாக இருந்தது, ஏன் என்று வியந்தார், நோபல் பரிசு கிடைத்தது. நடுவில் இருக்கும் அருமையான பகுதியை விட்டுவிடுகிறோம். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்பது அப்போது செல்வாக்காக இருந்த கருத்து, சொன்னவர் ராலே என்ற பெரிய ஆங்கிலேய இயற்பியலாளர். 1921-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் கப்பலில் ராமன் ஒரு நிகோல் பட்டகத்தை வைத்துத் தண்ணீர் மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போன பிறகும் நீலம் போகவில்லை. பெரிய பெயர் சொன்ன ஒன்றைக் கையடக்கமான கருவியால் சோதித்த கதை இது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று ராமன் கருதினார், தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதே இன்றைய விளக்கம். இதைச் சொன்னால் ராமனின் மதிப்பு குறையுமோ என்று பயிற்சி ஆசிரியர்கள் தயங்குவார்கள். பிள்ளைகள் தயங்குவதில்லை. கெடிலம் ஆறு கலக்கும் இடத்தில் நம்ம கடல் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று நேராக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இடையில் ஒன்று. 'நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்' வகைக் கதைகள் இப்போது வகுப்பறைக்குள் தாராளமாக வருகின்றன. அதற்குப் புதுச்சேரியிலேயே நல்ல மாற்று இருக்கிறது. 1825 வாக்கில் ஜான் வாரன் என்ற அதிகாரி, இங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களை எழுத்துகளில் ஒளித்துவைத்த மனப்பாட வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணக்கிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் ஏன் நிகழ்கிறது என்ற கோட்பாட்டின் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை. விடை முழுத் துல்லியமும் இல்லை, ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்குப் பக்கத்தில் வந்தது. காரணம் தெரியாமலேயே சரியாக முன்கணிக்க முடியுமா என்று இதை வைத்து ஒன்பதாம் வகுப்பில் கேளுங்கள். பெருமையும் கெடாது, பொய்யும் சொல்ல வேண்டியிருக்காது.

நம் கரையிலேயே இருக்கும் ஒரு கதையில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிச்சாவரம் சுரபுன்னைக் காடுகள் பின்னாலிருந்த ஊர்களைக் காப்பாற்றின என்பது எல்லோரும் சொல்லும் கதை. 2005-ல் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த இருவர் இந்தக் கரையிலுள்ள 18 குப்பங்களின் தகவல்களை வைத்து, தாவரம் அடர்ந்திருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தகவல்களை மறுபடி கணக்கிட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துவிட்டால் தாவரத்தின் பங்கு மிகச் சொற்பம் என்றார்கள். அலையின் வேகத்தை மரங்கள் ஓரளவு குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. அவ்வளவு பெரிய அலையில் அது எத்தனை உயிரைக் காத்தது என்பதுதான் விவாதத்துக்குரியது. ஒரே தகவல், இரண்டு முடிவு. பத்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. காடு இருக்கும் ஊரெல்லாம் கடலுக்குத் தள்ளியும் இருந்தால், காப்பாற்றியது காடா, தூரமா என்று கேட்டால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: "உங்க வீட்டில் யாரைக் கடல் கொண்டுபோச்சு" என்பது மாதிரிக் கேள்வியை வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். இன்றைய பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் வீட்டில் மாலை போட்ட படம் இருக்கும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நாட்குறிப்பு. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டியூயி 1910-லேயே யோசித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி எழுதிவிட்டாலும், இது பயிற்சிக் கல்லூரிகளில் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் 1983-ல் டொனால்ட் ஷோன் எழுதியது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது, முடித்த பின் யோசிப்பது என்று அவர் பிரித்தார். அவர் கூர்ந்து பார்த்தது கட்டடக் கலைஞர், பொறியாளர், மனநல மருத்துவர் போன்றவர்களைத்தான். ஆசிரியர் பயிற்சி அதைச் சுவீகரித்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதில் தவறில்லை, ஆனால் நடைமுறையில் நான் திருத்திய நோட்டுகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சொல்லும்: "இன்று மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர். கற்றல் நோக்கங்கள் நிறைவேறின. நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை." இதை வகுப்புக்குப் போகாமலே எழுதலாம். சிலர் முந்தின நாளே எழுதிவிடுவதும் உண்டு, அது எங்களுக்கும் தெரியும்.

ஒரு பயிற்சி ஆசிரியை கடற்காற்று, நிலக்காற்று பாடம் எடுத்தார். பாய்மரத்தில் போன காலத்தில் விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குள் போய், பகலில் கடற்காற்றில் கரை திரும்பும் தாத்தாவின் கதையாக அதைச் சொன்னார். நல்ல கதை. நோட்டில் மேலே சொன்ன அதே மூன்று வாக்கியம். பிள்ளைகள் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தையாவது அப்படியே எழுதிக் காட்டுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். யோசித்து எழுதிக்கொண்டு வந்தார்: "ஒரு மாணவி, 'ராத்திரி சூரியனே இல்லையே மிஸ், அப்புறம் காத்து எப்படி வரும்?' என்று கேட்டாள். அதைத்தான் சொல்லப்போகிறேன், கவனி என்றேன். பிறகு அதைச் சொல்லவில்லை." அந்தக் குழந்தை மனத்தில் காற்று சூரியனிடமிருந்து நேரடியாக வருகிறது. மண் சீக்கிரம் சுட்டுச் சீக்கிரம் ஆறும், தண்ணீர் மெல்லச் சுட்டு மெல்ல ஆறும், இந்த வித்தியாசம்தான் காற்றை நகர்த்துகிறது என்பது அவளுக்குப் போய்ச்சேரவில்லை. மறுநாள் அந்த ஆசிரியை ஒரு டப்பாவில் கடற்கரை மணலும் இன்னொன்றில் தண்ணீரும் வெயிலில் வைத்து, இரண்டிலும் வெப்பநிலைமானியைச் செருகினார். அப்புறம் நிழலுக்கு மாற்றி, எது முதலில் இறங்குகிறது என்று அதே மாணவியை வாசிக்கச் சொன்னார். காய்ந்த மணலின் தன்வெப்பம், அதாவது ஒரே எடையை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், தண்ணீருடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மறுநாள் பாடத்தையே மாற்றியது அந்த இரண்டு வரி. என்னைக் கேட்டால் நாட்குறிப்பின் பயனை இப்படித்தான் அளக்க வேண்டும்.

எனவே உங்கள் உணர்வை எழுதுவதற்கு முன் பிள்ளை சொன்னதை எழுதுங்கள், பேச்சுமொழியிலேயே, திருத்தாமல். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். வகுப்பு நன்றாகப் போனது என்று நினைக்க நமக்கு ஆசை இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, எப்போதாவது ஒரு பீரியடைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு மட்டும் செய்து, கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். கேள்வி கேட்ட பின் எத்தனை நொடி சும்மா இருந்தீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாதவர்களும் பேசினார்கள். கப்பலில் கதையை நிறுத்தச் சொன்னேனே, அந்த மூன்று நொடி இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. முதல் தடவை அந்த மௌனம் முப்பது நொடி மாதிரி இருக்கும். பழகிவிடும்.

கதையால் தேர்வு மதிப்பெண் கூடுமா என்றால், கூடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். புக் பேக் கேள்வியும் ஒன் வேர்டும் தனியாகப் பயிற்சி கொடுத்தால்தான் வரும். கதை நினைவில் நிற்கும், கேள்வியோடு சேர்ந்த கதை புரிதலுக்கு உதவும், வெறும் அலங்காரக் கதை கெடுக்கும். இந்த மூன்றில் எனக்குத் தயக்கமில்லை. எல்லாப் பாடத்துக்கும் கதை தேட வேண்டிய அவசியமும் இல்லை. சமன்பாட்டைச் சமன் செய்வதற்குக் கதை எதற்கு? போட்டுப் பழக வேண்டியதுதான். ஒரு அலகுக்கு ஒரு கதை, அதுவும் பத்து நிமிடத்துக்குள், என்று வைத்துக்கொண்டால் போர்ஷன் தள்ளிப்போகாது.

உங்கள் வழிகாட்டி ஆசிரியரோடு இதை வாதமாக்க வேண்டாம். பாடக்குறிப்பில் "கதை" என்று எழுதாமல், கதை நிற்கும் இடத்தில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியை எழுதிக் காட்டுங்கள். "சார், இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்னு நினைக்கிறீங்க?" என்று முன்கூட்டியே அவரிடமே கேட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளை உங்களைவிட அவருக்குத் தெரியும், அவர் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத நாளில் உங்கள் நோட்டுக்கு நல்ல விஷயம் கிடைக்கும். கல்லூரி கேட்கும் படிவத்தில் ரெக்கார்டை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அது தனி வேலை. பிள்ளைகள் சொன்னதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாகப் போடுங்கள். அதை யாரிடமும் சமர்ப்பிக்க வேண்டியதில்லை.